செய்தி எதிரொலியாகத் திருந்திய சந்தியாகு

'தினவெடி' நாளிதழில் எழுத்துப்பிழை மலிந்துவிட்டது என்று குறைசொல்கிறவர்கள் அதைக் கவனமாகப் படிக்காதவர்கள். ராமநாதபுரம் பதிப்பின் ஐந்தாம் பக்கத்தில் போன மாதம் வந்த இந்தத் தலைப்பையே எடுத்துக்கொள்ளலாம்:

'படகை ஆட்டயப் போட்ட மீணவர் சந்தியாகு: சொந்தக்காறர் ஷாக்'

இதில் சந்தியாகு என்ற பெயரில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு எழுத்தும் அதனதன் இடத்தில் இருந்தது. பக்கத்தில் போட்டிருந்த படமும் பளிச்சென்று விழுந்திருந்தது. தங்கச்சிமடத்தில் அவரை அதுவரை தெரியாதவர்கள்கூட அன்று காலையிலேயே தெரிந்துகொண்டார்கள்.

நடந்தது இவ்வளவுதான். சந்தியாகு வலை வைக்கப் போன இடத்தில் ஆளில்லாத ஃபைபர் படகு ஒன்று மிதந்து வந்தது. மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்றில் நங்கூரக் கயிறு அறுந்து போயிருந்தது. படகின் பக்கத்தில் திருப்பாலைக்குடி என்று ஊர்ப் பெயர் எழுதியிருந்தது. அவர் அதைத் தன் படகில் கட்டி இழுத்துப் போய், சொந்தக்காரரான சீனி முகம்மதுவிடம் ஒப்படைத்தார். அன்றைய மீன்பாடு அவருக்குப் போயிற்று. சீனி முகம்மது அவரைக் கட்டிப்பிடித்து அழுது, வீட்டுக்கு அழைத்துப்போய் நெய்ச்சோறு போட்டார். அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. நல்ல மனிதர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. இப்படி ஒரு மனுசன் இந்தக் காலத்தில் இருக்கிறார் என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்று சீனி முகம்மதுவே தினவெடி நிருபருக்குப் போன் போட்டுச் சொன்னார்.

நிருபர் மேல் தப்பில்லை. உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார். தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்? எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் தலைப்போடு களைத்துப்போகிறார்கள். நன்றாகப் படித்தவர்களுக்குத் தலைப்பிலேயே எல்லாம் விளங்கிவிடுகிறது.

வேறொரு சமயமாக இருந்தால் சந்தியாகு இதைச் சிரித்துத் தள்ளியிருப்பார். ஆனால் அவர் மகள் கிறிஸ்டினாவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை மூக்கையூர்ப் பக்கம். அவருடைய அப்பா ஆன்டனி ராஜ் நாலு படகு வைத்திருக்கும் சம்மாட்டி. கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கியாயிற்று. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு சாமியார் அறிவிக்க வேண்டும். இரண்டு ஓலை முடிந்து மூன்றாவது பாக்கி இருந்தபோது பேப்பர் வந்தது. கடற்கரையில் எதையும் மன்னிப்பார்கள், அடுத்தவன் படகில் கை வைத்தால் மன்னிக்க மாட்டார்கள்.

அன்று மத்தியானமே ஆன்டனி ராஜ் போன் செய்தார். "நா நம்பலங்க. ஆனா எங்கூரு கமிட்டில பேப்பர விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்காக. நா என்ன பண்ணட்டும்?"

"சீனி முகம்மது பாயவே கூட்டியாறேன் சம்மந்தி. அவரே வந்து சொல்லுவாரு."

"பாய் நல்ல மனுசன், உங்களக் காப்பாத்தச் சொல்றாருன்னுதான் ஊரு சொல்லும். பேப்பர்ல வந்தத பேப்பர்லதான் அழிக்கணும். அதே பேப்பர்ல போடச் சொல்லுங்க. மூணாவது ஓலைய வாசிச்சுக்கிருவோம்."

சந்தியாகுவின் மனைவி லீமாரோஸ் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்தப் படக அங்கனயே விட்டுட்டு வந்திருந்தா உங்கள யாரு கேட்டா?" என்றாள். சந்தியாகுவும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ராமநாதபுரம் போனார். தினவெடி அலுவலகத்தின் முன்னறையில் சுவர் நிறையச் சட்டம் போட்ட தலைப்புகள் தொங்கின. 'தினவெடி செய்தி எதிரொலி: பஸ் ஸ்டாண்டு பள்ளம் மூடல்', 'தினவெடி செய்தி எதிரொலி: தெருநாய் இடமாற்றம்', 'தினவெடி செய்தி எதிரொலி: மூன்று நாள் மழை நின்றது'. நாட்டில் நல்லது எது நடந்தாலும் அது தினவெடி எழுதியதால் நடந்தது என்று அந்தச் சுவரைப் பார்த்தால் விளங்கும்.

வரவேற்பில் இருந்த நாகஜோதி என்ற பெண் அவரைத் தலைப்புப் பிரிவுக்கு அனுப்பினாள். அங்கே காளிதாஸ் இருந்தார். தலைப்பு வைப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை கிடையாது. அவர் மேசைக்குப் பின்னால் சென்னையிலிருந்து வந்த அட்டை ஒன்று ஒட்டியிருந்தது. அதற்கு மண்வாசனை அட்டை என்று பெயர். தலைப்பு மக்கள் மொழியில் இருக்க வேண்டும் என்று தலைமை அலுவலகம் முடிவு செய்து, மக்கள் என்ன மொழி பேசுகிறார்கள் என்பதையும் அதுவே முடிவு செய்து அனுப்பியிருந்தது. பேசினார் என்று வந்தால் பொளந்து கட்டினார். தோற்றார் என்றால் மண்ணைக் கவ்வினார். இறந்தார் என்றால் டிக்கெட் வாங்கினார். எடுத்தார் என்றால் ஆட்டயப் போட்டார்.

"எங்க நிருபர் 'படகை எடுத்து வந்தார்'னு எழுதியிருந்தார்" என்றார் காளிதாஸ். "எடுத்தார்னா என்ன? அட்டையில பாருங்க."

"சார், நா எடுத்துக்கிட்டுப் போயி அவுக கையில குடுத்தேன்."

"எடுத்தீங்கள்ல?"

"எடுத்தேன். எடுத்துக் குடுத்தேன்."

"எடுத்தது தலைப்பு. குடுத்தது செய்தி. ரெண்டையும் தலைப்புலயே போட்டா அப்புறம் செய்திய யார் படிப்பா?"

சந்தியாகுவுக்கு இது நியாயம்போலவும் இருந்தது, தலை சுற்றுவதுபோலவும் இருந்தது. போன வாரம் இதே மாதிரி ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டிலிருந்தும் வந்து சண்டை போட்டார்கள் என்று காளிதாஸ் வருத்தத்தோடு சொன்னார். 'நல்லாசிறியர் டிக்கெட் வாங்கினார்' என்று தலைப்பு வைத்திருந்தாராம். பெங்களூரில் இருக்கும் மகன் அதைப் போனில் பார்த்துவிட்டு, அப்பா எந்த ரயிலில் வருகிறார் என்று கேட்டிருக்கிறான்.

"எழுத்துப்பிழைய யாரும் பாக்க மாட்டாகளா சார்?"

"அதுக்குன்னு ஒருத்தர் இருந்தார். அவரு பாட்டுக்குத் திருத்திக்கிட்டே இருந்தார், பேப்பர் லேட்டாச்சு. அனுப்பிட்டோம். பிழை இல்லாத தலைப்ப வாசகர் ஒருதரம் படிச்சிட்டுப் போயிருவார். பிழை இருந்தா நின்னு ரெண்டாந்தரம் படிக்கிறார். சென்னையில கணக்கு எடுத்துப் பாத்திருக்காங்க."

மறுப்புப் போடுவதற்குத் தனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி, காளிதாஸ் அவரைச் செய்தி ஆசிரியர் பூமிநாதனின் அறைக்கு அழைத்துப் போனார். பூமிநாதன் மரியாதை தெரிந்தவர். சந்தியாகுவை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து, மேடையில் பேசுவதுபோலப் பேசினார்.

"சந்தியாகு அவர்களே, தினவெடி தவறு செய்யாது என்று நான் சொல்லவில்லை. தவறு செய்ததாகத் தினவெடி சொல்லாது என்றுதான் சொல்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. 'வருந்துகிறோம்' என்று ஒரு நாள் போட்டால், மறுநாள் நாங்கள் எழுதும் உண்மையையும் வாசகன் சந்தேகப்படுவான். உண்மையைக் காப்பாற்றுவதற்காகத்தான் நாங்கள் பொய்யைத் திருத்துவதில்லை."

"அப்ப எம்மக கல்யாணம் சார்?"

"அதற்கும் வழி இருக்கிறது. மறுப்புத்தான் போட முடியாது. எதிரொலி போடலாம். தினவெடி செய்தியின் எதிரொலியாக நீங்கள் படகைத் திருப்பிக் கொடுத்தீர்கள் என்று போடுகிறோம். நான்கு பத்தியில், கலரில்."

"படகத்தான் அன்னைக்கே குடுத்துட்டேனே."

"அதுதான் சிக்கல்" என்று பூமிநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "செய்தி வருவதற்கு முன்னாலேயே கொடுத்துவிட்டீர்கள். சத்தத்துக்கு முன்னால் எதிரொலி வருமா? கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

சந்தியாகு அவசரப்பட்டதற்காக மன்னிப்புக் கேட்டார். யாராவது சட்டை போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சொன்னால், அதில் தங்கள் தப்பு ஏதோ இருக்கும் என்று நம் ஆட்கள் நம்பிவிடுகிறார்கள்.

"பரவாயில்லை" என்றார் பூமிநாதன். "படகை இன்னொரு தரம் எடுங்கள். எங்கள் போட்டோகிராபர் முன்னிலையில் திருப்பிக் கொடுங்கள். நானே வருகிறேன்."

திருப்பாலைக்குடியில் சீனி முகம்மது வீட்டு வாசலில் நின்று சந்தியாகு வெகுநேரம் தொண்டையைச் செருமினார். அப்புறம் கேட்டே விட்டார். "பாய், உங்க படக வெள்ளிக்கெழம ஒரு மணி நேரம் களவாங்கிக்கிறட்டா?"

சீனி முகம்மது விவரத்தைக் கேட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லாஹ். என் படகக் களவாங்க எங்கிட்டயே உத்தரவு கேக்க வந்த மனுசனையா களவாணின்னு எழுதுனான்? நா போயி அவன் சட்டையப் பிடிக்கிறேன்."

"வேணாம் பாய். நீங்க போன தடவ எனக்கு நல்லது செஞ்சதுதான் இது. இன்னொரு நல்லது தாங்காது. படக மட்டும் குடுங்க."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கரையில் கூட்டம் கூடிவிட்டது. பூமிநாதன் வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். காளிதாஸ் பின்னாலேயே சால்வைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சந்தியாகு படகைக் கடலுக்குள் கொண்டுபோய், திருடிய தூரம் என்று பூமிநாதன் கைகாட்டிய இடத்தில் திருப்பிக்கொண்டு வந்தார். கடல் குளம் மாதிரிக் கிடந்தது. எஞ்சின் நல்ல எஞ்சின். படகு தன்பாட்டில் வழுக்கிக்கொண்டு வரவும், சந்தியாகு எல்லாவற்றையும் மறந்து லேசாகச் சிரித்துவிட்டார்.

"முகத்தில் வருத்தம் வேண்டும்" என்று பூமிநாதன் கரையிலிருந்து கூவினார். "கை இரண்டையும் எடுத்துக் கும்பிடுங்கள்."

சந்தியாகு கும்பிட்டார். எஞ்சினைப் பிடிக்க மூன்றாவது கை இல்லாததால் படகு பக்கவாட்டில் திரும்பிப் போய்ச் சேற்றில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கடல் வற்றும் நேரம், முழங்காலளவு தண்ணீர்தான். ஊர்க்காரர்கள் இறங்கித் தள்ளினார்கள். படத்துக்கு ஆகும் என்று காளிதாஸ் யோசனை சொல்லவும், பூமிநாதனும் பேண்டை மடித்துவிட்டு இறங்கி ஒரு விரலால் தொட்டுத் தள்ளினார். போட்டோகிராபர் மற்றவர்களை விலகச் சொல்லிவிட்டு அதைப் படம் எடுத்தார்.

பிறகு மரியாதை நடந்தது. சால்வை தனக்குத்தான் என்று சந்தியாகு நினைத்து முன்னால் வந்தார். அதைச் சீனி முகம்மதுவின் கையில் கொடுத்து, பூமிநாதனுக்குப் போர்த்தச் சொன்னார்கள். சீனி முகம்மது சந்தியாகுவின் முகத்தைப் பார்த்தார். சந்தியாகு கண்ணாலேயே போர்த்துங்க பாய் என்று கெஞ்சினார். அவர் போர்த்தினார். பூமிநாதன் ஈரப் பேண்டோடு பேசினார்.

"இந்தப் படகு போலீஸால் திரும்பி வரவில்லை. கோர்ட்டால் திரும்பி வரவில்லை. ஒரே ஒரு தலைப்பால் திரும்பி வந்திருக்கிறது. இந்த மீனவர் திருடினாரா இல்லையா என்று ஆராய்வது எங்கள் வேலை இல்லை. திருடாதவரையும் திருத்தும் வல்லமை தினவெடிக்கு உண்டு என்பதற்கு இதோ சாட்சி நிற்கிறார்."

மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது. நான்கு பத்தியில், கலரில், சொன்ன சொல் தவறாமல்.

'தினவெடி செய்தி எதிரொலி: ஆட்டயப் போட்ட படகைக் கக்கினார் சந்தியாகு, மணம் திருந்திக் கதரல்'

பெரிய படத்தில் பூமிநாதன் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார். 'போராடி மீட்ட செய்தி ஆசிறியர்' என்று கீழே போட்டிருந்தது. ஓரத்தில் சின்னப் படத்தில் சந்தியாகு கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடவையும் அவர் பெயரில் பிழை இல்லை.

லீமாரோஸ் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். இனிமேல் கல்யாணத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று சந்தியாகு முடிவுகட்டிய நேரத்தில் ஆன்டனி ராஜிடமிருந்து போன் வந்தது. குரலில் அவ்வளவு பிரியம்.

"கமிட்டில எல்லாருக்கும் திருப்தி சம்மந்தி. பேப்பர்லயே வந்துருச்சு."

"சம்மந்தி, நா உண்மையில..."

"வேணாம், பேசாதீக. மனுசனுக்குக் கை நீளுறது சகசந்தான. ஒத்துக்கிட்டுத் திருப்பிக் குடுக்க எத்தன பேருக்கு மனசு வரும்? நாளைக்குக் குடும்பத்தோட அங்கனதான் வாரோம். மூணாவது ஓலைய நாங்களும் இருந்து கேக்கோம்."

போனை வைத்துவிட்டுச் சந்தியாகு மகளிடம் சொன்னார். கிறிஸ்டினா ராமநாதபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அதிகம் பேசாத பெண். அப்பா திருடவில்லை என்றபோது தயங்கியவர்கள், திருடித் திருந்தினார் என்றதும் வருகிறார்கள் என்பதை அவளும் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

"நீங்க என்ன சொன்னீக அய்யா?" என்று கேட்டாள்.

"என்ன சொல்ல? சரின்னேன். ஓலைய வாசிச்சு முடிச்சுறட்டும் தாயி. ஊரு மறந்துரும்."

"நீங்க மறந்துருவீகளா?"

சந்தியாகு கொடியில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். முப்பது வருசம் கடலுக்குப் போயும் அடுத்தவன் வலை வைக்கும் பாரில் ஒரு கல்லைக்கூட அசைக்காத மனிதர். அன்று காலை டீக்கடையில் ஒருத்தன் தோளைத் தட்டி, திருந்திட்டியாமே மாமா, நல்லாரு என்று சொல்லியிருந்தான். அதற்குச் சரிப்பா என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தார். திருடன் என்று சொன்னபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. ஆன்டனி ராஜ் பட்டு வேட்டியில் குடும்பத்தோடு முன் வரிசையில் இருந்தார். மாப்பிள்ளை மரியதாஸ் பக்கத்தில் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். தினவெடி போட்டோகிராபர் பின்னால் தூண் ஓரமாக நின்றார். தங்கள் எதிரொலியால் நடக்கும் கல்யாணம் என்று ஒரு படம் எடுத்துவரச் சொல்லி பூமிநாதன் அனுப்பியிருந்தார்.

சாமியாரும் பேப்பர் படிக்கிறவர்தான். பிரசங்கத்தில் சிலுவையில் ஆண்டவரின் வலப்பக்கம் தொங்கிய நல்ல கள்ளனைப் பற்றிப் பேசினார். கடைசி நேரத்தில் மனம் திரும்பியவனுக்குப் பரலோகம் கிடைத்தது, நம் பங்கிலும் அப்படி ஒருவர் இருக்கிறார், பெயர் சொல்ல விரும்பவில்லை என்று சொல்லிவிட்டு, சந்தியாகுவைப் பார்த்து அன்போடு புன்னகைத்தார். கோயிலே திரும்பிப் பார்த்தது. சந்தியாகு நல்ல கள்ளனுக்குரிய பணிவோடு தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அது பழகிவிட்டிருந்தது.

பிறகு மூன்றாவது ஓலை. மூக்கையூர்ப் பங்கு ஆன்டனி ராஜ் மகன் மரியதாஸுக்கும், இப்பங்கு சந்தியாகு மகள் கிறிஸ்டினாவுக்கும் என்று சாமியார் வாசித்து, தடை ஏதும் இருப்பது தெரிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடித்தார். முடித்த கையோடு தாளை மடிக்கவும் ஆரம்பித்தார். அந்தக் கோயிலில் அந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

"தட இருக்கு சாமி" என்று ஒரு குரல் கேட்டது.

பெண்கள் பக்கத்தில் கிறிஸ்டினா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். முக்காடு தோளில் நழுவியிருந்தது. சாமியார் மடித்த தாளைத் திரும்பப் பிரித்துப் பார்த்தார். இதற்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அதில் போட்டிருக்கவில்லை.

"என்னம்மா தடை?" என்றார்.

"மாப்பிள வீட்டுக்காரவுக கள்ளன் வீட்ல பொண்ணெடுக்க வந்திருக்காக சாமி. எங்க வீட்ல கள்ளன் இல்ல. அவுக வேற வீட்ல போயிப் பாக்கட்டும்."

ஆன்டனி ராஜ் வேட்டியை ஒரு தரம் இழுத்துவிட்டுக்கொண்டு கமிட்டிக்காரர்கள் பக்கம் பார்த்தார். அவர்கள் பீடத்தைப் பார்த்தார்கள். மரியதாஸ் முதல்முறையாக நிமிர்ந்து கிறிஸ்டினாவைப் பார்த்தார். லீமாரோஸ் மகளின் கையைப் பிடித்து இழுக்கப் போனவள், இழுக்காமல் பிடித்துக்கொண்டு மட்டும் நின்றாள். சந்தியாகு மெல்ல எழுந்தார். என்ன செய்வதற்கு எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் தலை நிமிர்ந்திருந்தது.

அப்போது தூண் ஓரத்திலிருந்து போட்டோகிராபர் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார்.

"தங்கச்சி, படம் ஆடிப்போச்சு. அதைத் திரும்ப ஒருதரம் சொல்லிருறீங்களா?"

கிறிஸ்டினா அவர் பக்கம் திரும்பிச் சொன்னாள். முன்னைவிடச் சத்தமாகவே சொன்னாள்.